ஓடுகாலி!

நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு வசவு உண்டு: ஓடுகாலி. ஊர் சுற்றும் பையனையும் எப்போதாவது அப்படித் திட்டுவார்கள் என்றாலும், அது பெண்ணுக்கென்றே செய்து வைத்த சொல். ஆண் ஓடினால் ஓட்டக்காரன். பெண் ஓடினால் ஓடிப்போனவள்! பந்தயம் தொடங்கும் முன்பே தீர்ப்பை மொழியில் எழுதி வைத்துவிட்ட சமுதாயம் இது. இந்தச் சமுதாயத்தின் அடித்தட்டிலிருந்து ஒரு பெண் ஓடிக் கிளம்பி, கடல் கடந்து போய், ஆசியக் கண்டத்திலேயே இரண்டாவதாக வந்தார் என்றால் அவரை என்ன செய்திருக்க வேண்டும்? தோளில் தூக்கி ஊர்வலம் விட்டிருக்க வேண்டும். என்ன செய்தார்கள்? "நீ பெண்தானா?" என்று கேட்டார்கள்!

சாந்தி சௌந்தரராஜனைத் தோழர்கள் மறந்திருக்க முடியாது. தஞ்சைக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சிக்காரர். பெற்றோர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தவர்கள். ஒடுக்கப்பட்ட சமூகம். 2006-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கத்தார் நாட்டின் தோஹா நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். சூளையில் மண் மிதித்த குடும்பத்துப் பெண்ணின் கழுத்தில் வெள்ளி! அந்த மகிழ்ச்சி எத்தனை நாள்? ஒரு மாதங்கூட இல்லை. டாக்டர்கள் சோதித்தார்கள், பெண் என்பதற்குரிய சோதனையில் அவர் தேறவில்லை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். ஒருவருடைய உடம்பைப் பற்றி அவரும் அவருடைய வைத்தியரும் மட்டும் அறிய வேண்டிய செய்தி, பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் ஊரறிய, உலகறியத் தண்டோராப் போடப்பட்டது.

அவர் ஊக்க மருந்து தின்றாரா? இல்லை. ஆள் மாறாட்டம் செய்தாரா? இல்லை. பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு, பெண்ணாக வளர்க்கப்பட்டு, பிறந்த உடம்போடு ஓடினார். அவ்வளவுதான் குற்றம்.

அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அவருக்குப் பதினைந்து லட்சம் ரூபாய் பரிசளித்தார். டில்லியிலிருந்த விளையாட்டு அதிகாரிகள் மீதிக் கதவுகளையெல்லாம் சாத்தினார்கள். சாந்தி ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஓட்டப் பயிற்சி கொடுத்தார். கையிலிருந்த பணம் கரைந்தது. 2012-ல் அவர் தம் பெற்றோரைப் போலவே செங்கல் சூளையில் இருநூறு ரூபாய் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்ற செய்தி வந்தபோதுதான் நாடு மறுபடி திரும்பிப் பார்த்தது. பிறகு பயிற்சியாளர் படிப்பு, பிறகு அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை. ஆனால் அந்த வெள்ளிப் பதக்கம் திரும்பி வரவில்லை.

இதே விஷயத்தில் தென்னாப்பிரிக்கா என்ன செய்தது என்று பாருங்கள். 2009-ல் பெர்லின் நகரில் காஸ்டர் செமன்யா என்ற பதினெட்டு வயதுப் பெண் இதே 800 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் மீதும் இதே சந்தேகம், இதே சோதனை. அந்த நாட்டு அரசாங்கமும் மக்களும் "எங்கள் பெண்" என்று வரிந்து கட்டிக்கொண்டு நின்றார்கள். பதக்கம் அவரிடமே நின்றது. நம்மவர்களோ பதக்கத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்ணாக இருந்தால் இத்தனை சுலபமாகக் கழற்றியிருப்பார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எண்ணூறு மீட்டரின் கதை

இந்த 800 மீட்டருக்கு ஒரு பழைய வரலாறே இருக்கிறது. 1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களை முதன்முதலாக ஓட்டப் பந்தயங்களில் விட்டார்கள். 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒன்பது பேர். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் முதலாவதாக வந்தார்; அது உலகச் சாதனை. ஜப்பானின் கினுயே ஹிதோமி இரண்டாவதாக வந்தார். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் ஆசியப் பெண் அவர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள்.

மறுநாள் பத்திரிகைகள் எழுதியது என்ன தெரியுமா? பதினோரு பெண்கள் ஓடியதாகவும், பாதிப் பேர் வழியிலேயே நின்றுவிட்டதாகவும், மீதிப் பேர் முடிவுக் கோட்டில் சுருண்டு விழுந்ததாகவும் கதை கட்டினார்கள்! ஓடியதே ஒன்பது பேர். நிருபரின் பேனாவில் பதினொன்று! ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கினால் எவனும் எவளும் கொஞ்சம் சாயத்தான் செய்வார்கள். ஆண் சாய்ந்தால் அது வீரத்தின் களைப்பு. பெண் சாய்ந்தால் இயற்கையின் எச்சரிக்கை! அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு ஒலிம்பிக்கிலிருந்து பெண்களின் 800 மீட்டரையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-ல், ரோமாபுரியில். முப்பத்திரண்டு வருஷம்! அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, ஓடும் வயதையும் கடந்துவிட்டது.

எண்ணூறுக்கே இந்தப் பாடு என்றால் 42 கிலோமீட்டர் மாரத்தானுக்கு என்ன பாடு? 1966-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தானுக்கு பாபி கிப் என்ற பெண் மனுப் போட்டார். அவ்வளவு தூரம் ஓடப் பெண்ணின் உடம்பால் முடியாது என்று பதில் வந்தது. அவர் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்துப் புதரில் ஒளிந்திருந்து, கூட்டத்தோடு கலந்து ஓடி, மூன்று மணி 21 நிமிடத்தில் முடித்துக் காட்டினார். அடுத்த வருஷம் காத்ரின் சுவிட்ஸர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பந்தய எண் வாங்கிக்கொண்டு ஓடினார். வழியில் ஓர் அதிகாரி பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார். பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்தது 1972-ல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல். ஆண்கள் 1896-லிருந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்! இதெல்லாம் நாகரிகத்தின் சிகரம் என்று நம்மவர்கள் வாயைப் பிளந்து பார்க்கும் மேல்நாட்டில் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட விட்ட பிறகாவது நிம்மதியாக விட்டார்களா? நன்றாக ஓடுகிறவள் பெண்ணாக இருக்க மாட்டாள் என்று புதிதாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள். 1966-ல் புடாபெஸ்ட் நகரில் ஐரோப்பியப் போட்டிக்கு வந்த வீராங்கனைகளை டாக்டர்களுக்கு முன்னால் ஆடையில்லாமல் நிற்க வைத்தார்கள். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கிலிருந்து அணுச் சோதனை. சோதனையில் தேறியவருக்கு "இவர் பெண்" என்று ஒரு சீட்டு! மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1996-ல் அட்லாண்டாவில் எட்டுப் பேர் இந்தச் சோதனையில் தேறவில்லை. எட்டுப் பேரையும் பெண்கள் போட்டியிலேயே ஓட விட்டார்கள். இந்தச் சோதனை பயனற்றது என்று 1999-ல் எல்லாருக்கும் நடத்துவதைக் கைவிட்டார்கள். கைவிட்ட ஏழாவது வருஷம் கத்தக்குறிச்சிப் பெண் அகப்பட்டுக்கொண்டார்.

வயலில் யாரும் கேட்கவில்லை

இப்போது நம் காவிரிப் பக்கத்துக்கு வருவோம். பெண்ணின் உடம்பு நெடுநேர உழைப்பைத் தாங்காது என்று சொன்ன டாக்டர்களை, மேட்டூரில் தண்ணீர் திறந்து கல்லணை தாண்டி வெண்ணாற்றில் வந்த பிறகு, ஒருநாள் குறுவை நடவுக்கு அழைத்து வந்து வரப்பில் நிறுத்தியிருக்க வேண்டும். முழங்கால் சேறு. முதுகில் வெயில். விடிந்ததிலிருந்து இடுப்பை வளைத்தபடி, ஒரு கையில் நாற்று முடி, மறுகையால் ஊன்றி ஊன்றி, அடிமேல் அடி பின்னுக்கு வைத்து நகர்கிறாளே, அது நெடுநேர உழைப்பு இல்லாமல் வேறென்ன? அங்கே முடிவுக் கோடு இல்லை. கைதட்டல் இல்லை. மூச்சு வாங்கி நிமிர்ந்தால் மேற்பார்வைக்காரன் அதட்டல்தான். நாள் முழுவதும் சேற்றில் பின்னால் நடக்கலாமாம். அரை மைல் தரையில் முன்னால் ஓடத்தான் கூடாதாம்!

ஓடினால் கருப்பை கெட்டுவிடும், பிள்ளை நிற்காது என்று பயங்காட்டினார்கள் அல்லவா? நிறைமாதச் சூலியை நடவுக்கு இறக்கிய மிராசுதார் எவனாவது அந்தக் கவலைப்பட்டதுண்டா? பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு வந்தவள், கருவேல மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, களை எடுப்பும் அறுப்பும் பார்த்தாளே, அப்போது எந்த வைத்திய சாஸ்திரம் குறுக்கே வந்தது? அறுத்த கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்று வரப்பில் களத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தவளை "நீ பெண்தானா?" என்று யாராவது கேட்டார்களா? அவள் வலிமை பண்ணைக்குப் பயன்பட்டது, அதனால் கேட்கவில்லை. அதே வலிமையை அவள் தனக்காக, தன் பெயருக்காகப் பயன்படுத்திய அன்றுதான் சந்தேகம் வந்தது!

கூலி கொடுக்கும்போது மட்டும் கணக்கு மாறியது. உடம்பு வலுவில் குறைந்தவள் என்று ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த அளவு. சம கூலிக்குச் சட்டம் 1976-ல் வந்தது. 2005-ம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்திலும் ஒரே கூலி என்று எழுதினார்கள். காகிதத்தில் எழுதியது களத்து மேட்டுக்கு எத்தனை தூரம் வந்தது என்பதை நடவுக்குப் போகிறவர்களையே கேளுங்கள். ஆக, வேலை வாங்கும்போது அவள் ஆணுக்குச் சமம்; கூலி அளக்கும்போது பலவீனமான பெண்; பதக்கம் வாங்கினால் பெண்ணே அல்ல! ஒரே உடம்புக்கு மூன்று கணக்கு எழுதும் இந்தக் கணக்குப்பிள்ளை யார்?

செங்கொடி இயக்கத்தினருக்கு இது புதிய சங்கதி அல்ல. கீழத்தஞ்சையில் மணலூர் மணியம்மை இருந்தார். பார்ப்பனக் குடும்பத்து விதவை. மூலையில் முடங்கச் சொன்ன சாஸ்திரத்தை உதறிவிட்டு, முடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, சிலம்பம் கற்றுக்கொண்டு, பண்ணையாட்களின் சேரிகளுக்குப் போய்ச் சங்கம் கட்டினார். ஆம்பிளை வேஷம் என்று ஊர் சிரித்தது. சேரி அவரை அம்மா என்றது. 1953-ல் அவர் மறைந்தார். பின்னாளில் ராஜம் கிருஷ்ணன்தான் அவர் நடந்த ஊர்களுக்கெல்லாம் போய் விசாரித்து ஒரு நாவலாக எழுதினார், நாம் எழுதவில்லை. மணியம்மையின் கிராப்பைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்புத்தான், பின்னால் சாந்தியின் குரலையும் தோளையும் பார்த்துச் சிரித்தது.

வரப்பு யார் போடுவது?

ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "ஆணும் பெண்ணும் ஒன்றாக ஓடினால் பெண்ணுக்குப் பதக்கமே கிடைக்காதே, பெண்களுக்குத் தனிப் போட்டி என்றால் அதற்கு ஓர் எல்லை வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். உண்மைதான். 800 மீட்டரில் ஆணின் உலகச் சாதனை 1 நிமிடம் 40.91 விநாடி. பெண்ணின் சாதனை 1 நிமிடம் 53.28 விநாடி. பன்னிரண்டு விநாடிக்கு மேல் இடைவெளி. தனிப் போட்டி வேண்டும், எல்லையும் வேண்டும்.

ஆனால், தோழர்களே, தஞ்சைக்காரனுக்கு வரப்பைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டாம்! வரப்பு வேண்டும் என்பது வேறு. ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியோடு வந்து அடுத்தவன் நிலத்தில் வரப்புப் போடுவது வேறு. இயற்கை எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. அணுவும் சுரப்பியும் சிலருக்கு மாறி அமைகின்றன. அவர்களில் பலருக்கு ஒரு டாக்டர் சொல்லும் வரை அது தெரிவதே இல்லை. அப்படிப்பட்டவர் எங்கே ஓடலாம் என்று விதி செய்வதானால் அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ரகசியம் காக்க வேண்டும். எதிர்த்து வாதாட வழி வேண்டும். சாந்திக்கு இதில் எது கிடைத்தது? பந்தயம் முடிந்த பிறகு விசாரணை, விசாரணை முடியும் முன்பே ஊர் சிரிப்பு!

எதிர்த்து வாதாடினால் என்ன நடக்கும் என்பதை ஒடிசாவின் நெசவாளி வீட்டுப் பெண் தூத்தி சந்த் காட்டினார். 2014-ல் அவரையும் இதே காரணம் சொல்லி நிறுத்தினார்கள். அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். இந்த முறை இந்திய அரசின் துணையும் இருந்தது. 2015 ஜூலையில் அந்த விதியையே மன்றம் நிறுத்தி வைத்தது. 2018-ல் புது விதி கொண்டு வந்தார்கள். 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும்! மறுபடி நம் 800 அகப்பட்டுக்கொண்டது. செமன்யா வழக்காடினார். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிட்சர்லாந்தில் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவர் ஓடும் வயதைத் தாண்டிவிட்டார். 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளச் சங்கம், பெண்கள் போட்டிக்கு வருகிற எல்லாருக்கும் ஒரு மரபணுச் சோதனை என்று ஆரம்பித்தது. 1999-ல் புதைத்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் திருச்சிப் பக்கத்து முடிகண்டம் கோமதி மாரிமுத்து 2019-ல் தோஹாவில் இதே 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். பிறகு தடை செய்த மருந்து அவர் உடம்பில் இருந்ததாகச் சோதனை சொல்லி, நான்கு வருஷத் தடை வந்தது, தங்கமும் போனது. இரண்டு கதையையும் ஒன்றாகக் குழப்பி, "புதுக்கோட்டை, திருச்சிப் பெண்களே இப்படித்தான்" என்று டீக்கடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். மருந்து விவகாரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம். அதில் பெண்ணுக்குச் சலுகை கேட்கவில்லை. பிறந்த உடம்பு விவகாரம் பெண்ணுக்கு மட்டுமான சட்டம். எந்த ஆணையாவது, "நீ அளவுக்கு மீறிய ஆண், ஓடக் கூடாது" என்று எங்காவது நிறுத்தியதுண்டா?

நம் வீட்டுக்குள்ளே

அதிகாரிகளையும் டாக்டர்களையும் திட்டிவிட்டுப் படுத்துக்கொள்வது சுலபம். பொங்கலுக்கும் மே தினத்துக்கும் நம் கிளைகள் அச்சடிக்கும் விளையாட்டு விழா நோட்டீசை எடுத்துப் பாருங்கள். ஆண்களுக்குக் கபடி, சைக்கிள் பந்தயம், நீண்ட தூர ஓட்டம், வழுக்கு மரம். பெண்களுக்கு? கோலப் போட்டி, இசை நாற்காலி, வாயில் கரண்டி கவ்வி எலுமிச்சம்பழ ஓட்டம்! பகலெல்லாம் நட்டுவிட்டு வந்தவளைக் கரண்டி கவ்வச் சொல்கிறோம். எங்காவது மாரத்தான் வைத்தாலும் பையன்களுக்குப் பத்து கிலோமீட்டர், பெண்களுக்கு ஐந்து. ஏன் பாதி? யார் அளந்தது? சர்வதேசக் கிராஸ் கண்ட்ரி ஓட்டத்திலேயே 2017 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பத்து கிலோமீட்டர் ஆகிவிட்டது. அதற்கு முந்தைய வருஷமே புதுக்கோட்டையின் சூரியா லோகநாதன் கவுஹாத்தியில் நடந்த தெற்காசியப் போட்டியில் ஐயாயிரம் மீட்டரிலும் பத்தாயிரம் மீட்டரிலும் தங்கம் வாங்கிவிட்டார். நம் நோட்டீசுக்குத்தான் இன்னும் சேதி வரவில்லை!

விடியற்காலையில் ஆற்றங்கரைச் சாலையில் ஒரு பெண்பிள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடினால், டீக்கடை பெஞ்சில் இருந்து எழும்பும் குரல் எல்லாமே மிராசுதார் குரல்தானா? நம் சங்கத்து உறுப்பினர் குரல் ஒன்றுகூட இல்லையா? "ஆம்பிளை மாதிரி இருக்கா பாரு" என்று சிரிப்பவன் பெர்லினுக்கும் தோஹாவுக்கும் போகாமலேயே அந்தச் சோதனையைத் தன் ஊரில் நடத்துகிறான். அந்தப் பிள்ளை இரண்டு நாள் கேட்பாள்; மூன்றாம் நாள் அம்மா கதவைச் சாத்துவாள்; அடுத்த தையில் மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

வரும் பொங்கலுக்கு நோட்டீசு அடிக்கும் கிளைச் செயலாளர்கள் ஒன்று செய்யலாம். பெண்கள் ஓட்டம், ஆண்கள் ஓடும் அதே தூரம், அதே பரிசுத் தொகை என்று அச்சில் போடுங்கள். முதல் வருஷம் நாலு பேர்கூட வராமல் போகலாம். "வயசுப் பெண்ணை ரோட்டில் ஓட விடுவதா?" என்று பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையைப் பெண் தோழர்கள் தலையில் கட்டாமல், செயலாளரே வீடு வீடாகப் போய்ச் சொல்லட்டும். ஓடும் பாதையில் இரண்டு பர்லாங்குக்கு ஒரு தண்ணீர்ப் பானை, துணி மாற்ற மறைவான இடம் ஒன்று, டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் தொண்டர் இருவர்: இந்த ஏற்பாடு போதும். முதல் பெயராகத் தன் மகள் பெயரையே எழுதிக் கொடுக்கும் செயலாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்று பார்ப்போம்.